“இதைத் திருப்பித் தரணுமா?”

பள்ளியில் இலவசமாகப் புத்தகம் கொடுக்கப் போனால் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். வேண்டாம், உனக்கேதான் என்றதும் புத்தகம் நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்து, பெயர் எழுதப் பேனா கேட்பார்கள். மேசையில் நாலைந்து பால்பாயின்ட் பேனா இருக்கட்டும். ஜெல் பேனா வேண்டாம். வழவழப்பான தாளில் மை காயாமல் இழுவி, முதல் பக்கமே பாழாகும்.

புத்தகத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும், அது அவர்களுக்கே சொந்தமாக வேண்டும். 1966-இல் வாஷிங்டனில் மார்கரெட் மெக்னமாரா தொடங்கிய, பிள்ளைகளுக்கு இலவசமாகப் புத்தகம் தரும் ‘ரீடிங் இஸ் ஃபண்டமென்டல்’ அமைப்பு இந்த இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டது. வரிசையில் நிறுத்தி ஆளுக்கொன்று திணித்தால் அரை மணியில் வேலை முடியும். ஆனால் நின்று பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது.

30 பிள்ளைகளுக்கு 30 புத்தகம் கொண்டுபோனால் கடைசியில் வருபவருக்குக் கிடைப்பது மிச்சம்தான். 90 இருந்தால் நிம்மதி, 60-க்குக் குறையவே கூடாது. அத்தனையையும் ஒரேயடியாகப் பரப்பினால் நல்லதெல்லாம் முதல் குழுவோடு போய்விடும். எட்டுப் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் தனிப் பெட்டி ஒதுக்கி, அந்தக் குழு வரும்போது மட்டும் பிரியுங்கள். குழுவுக்குப் பதினைந்து நிமிடம் கொடுங்கள். நன்றாகப் படிப்பவர்கள் முதலில் வரட்டும் என்று யாராவது சொல்வார்கள். சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

முதுகு தெரிய அடுக்கிய புத்தகத்தைச் சின்னப் பிள்ளைகள் தொடுவதில்லை. அட்டை மேலே தெரிய வேண்டும். மேசை உயரமாக இருந்தால் தரையில் விரிப்புப் போட்டுப் பரப்பலாம். எந்த வகுப்புக்கு எது என்று சீட்டு ஒட்டாதீர்கள். அதற்குப் பதில், நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படித்து, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். ஐந்தும் மடங்கினால் இப்போதைக்குக் கடினம். அப்படியும் அதுவே வேண்டும் என்றால் கொடுத்துவிடலாம், படங்களாவது பயன்படும்.

நன்கொடையாக வந்த பெட்டியைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். ஈர வாடை அடிக்கும் புத்தகத்தை உடனே விலக்குங்கள். பூஞ்சை பக்கத்துப் புத்தகங்களுக்கும் பரவும். பிறகு கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முடிவு கிழிந்துபோன துப்பறியும் கதையைப் பிள்ளையிடம் கொடுப்பது தண்டனை. விடை எழுதிய பயிற்சி நூல், பழைய தேர்வுக் கையேடு எல்லாம் நேரே பழைய காகிதத்துக்கு.

கூட்டம் கலைந்ததும் மிஞ்சியவற்றின் பெயரை எழுதி வையுங்கள். நாம் ஆசையாக வாங்கிய நீதிக்கதைகள் பல சமயம் அங்கேயே கிடக்கும். பேய், டைனோசர், சிரிப்புக் கதைகள் காலியாகியிருக்கும். அடுத்த கொள்முதலுக்கு இந்தப் பட்டியலே போதும்.

மறுமுறை போகும்போது பழைய புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்டும் பிள்ளைகளும் இருப்பார்கள். மூலை மடங்கி, அட்டை பிரிந்து, இவன் பெயருக்குக் கீழே தங்கையின் பெயரும் கிறுக்கலாக ஏறியிருக்கும். ஒட்டுவதற்கு அகலமான டேப் ஒரு சுருள் எடுத்துப் போங்கள்.