கிளை ஒன்று, நடை ஒன்பது

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், ஊஞ்சலுக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்த தூங்குமூஞ்சிக் கிளை ஒருவழியாகக் கீழே இறங்கிவிட்டது. அறுக்க ஆன நேரம் நாற்பது நிமிடம். அறுக்கலாம் என்று ஒரு தாளில் எழுதி வாங்க ஆன காலம் ஐந்து மாதத்துக்கு மேல். அதற்கு ஒன்பது நடை. ஒன்பதும் நான் நடந்தவை, அதனால் கணக்கு தப்பாது.

புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் தையல் மெஷின் வைத்து ரவிக்கை தைக்கிறேன். 2024 ஆகஸ்டில் பள்ளி மேலாண்மைக் குழுவை மறுபடி அமைத்தபோது, 24 பேரில் ஒருத்தியாக என்னையும் சேர்த்தார்கள். "மாதம் ஒரு கூட்டம், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் அத்தாச்சி" என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். சொன்னவள் இன்றைக்கும் என் கண்ணில் படாமல்தான் தெருவைக் கடக்கிறாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் பதினொரு பேர் வந்தோம். மண்வெட்டி, அரிவாள், கடப்பாரை எல்லாம் அவரவர் வீட்டிலிருந்தே வந்தன. மதியத்துக்குள் மைதானம் முழுக்கச் சுத்தமாகிவிட்டது. அதில் சொல்ல ஒன்றுமில்லை, பார்த்தீனியத்தைத் தவிர. வெறுங்கையால் பிடுங்கிய இரண்டு பேருக்கு முழங்கை வரை சிவந்து தடித்து, ஒரு வாரம் சொறிந்துகொண்டே இருந்தார்கள். முழுக்கைச் சட்டையும் கையுறையும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். பூ வைப்பதற்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும். லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் கல்லுப்பு கரைத்துத் தெளித்தாலும் கருகும். ஆனால் பாத்தி போடப்போகிற இடத்தில் உப்பைத் தெளித்துவிட்டு, பிறகு கீரை முளைக்கவில்லை என்று அழக்கூடாது. நாங்கள் சுற்றுச்சுவர் ஓரத்தில் மட்டும் தெளித்தோம்.

கிளையைப் பார்த்தது அன்றைக்குத்தான். வேலை முடிந்து மரத்தடியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது மேலே பார்த்த சித்தப்பா ஒருவர், "இது கஜாவில் வெடித்த கிளை அல்லவா, இன்னுமா தொங்குகிறது?" என்றார். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அடித்த கஜாவில் எங்கள் பக்கம் தென்னையும் பலாவும் விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும். இந்தக் கிளை விழாமல் அடியில் பிளந்து நின்றுவிட்டது. பிளவுக்குள் என் உள்ளங்கை நுழையும் அளவு இடைவெளி. உள்ளே எறும்பு மண் தள்ளியிருந்தது. தூங்குமூஞ்சிக் கட்டை முறுக்கில்லாதது. காற்றில்லாத நாளிலும் கிளையைப் போட்டுவிடும். அதற்குக் கீழேதான் ஊஞ்சல். நிழல் இருக்கிறதே என்று யாரோ அங்கே நட்டிருக்கிறார்கள்.

ஏணியும் ரம்பமும் கையில் இருந்தன, வெட்ட ஆளும் இருந்தார். தலைமை ஆசிரியைதான் தடுத்தார். "அரசாங்க இடத்து மரம். அனுமதி இல்லாமல் கை வைத்தால் நாளைக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்." அவர் சொன்னது சரிதான். அன்று மாலையே ஊஞ்சல் சங்கிலியைக் கழற்றி, கிளைக்குக் கீழே கல் அடுக்கி, கயிறு கட்டினோம். இதை மட்டும் எந்தப் பள்ளியிலும் தள்ளிப்போடாதீர்கள். கிளையை வெட்ட அனுமதி வேண்டும், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்த யார் அனுமதியும் வேண்டாம்.

முதல் நடை ஒன்றிய அலுவலகத்துக்கு. ஒன்றியப் பள்ளி, ஆகவே ஒன்றியத்து மரம் என்று நினைத்தது என் அறியாமை. கட்டடம்தான் எங்களுடையது, மரம் வருவாய்த் துறையைச் சேர்ந்தது என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது நடை கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு. அங்கே இருந்த எழுத்தர் நிமிர்ந்து பார்க்காமலேயே பட்டியல் சொன்னார்: குழுத் தீர்மான நகல், தலைமை ஆசிரியர் கடிதம், சர்வே எண்ணோடு கிராம நிர்வாக அலுவலர் சான்று, ஊராட்சித் தலைவரின் ஆட்சேபணையின்மைக் கடிதம், மரத்தின் போட்டோ. எல்லாவற்றையும் பத்து நாளில் சேர்த்தேன். கிராம நிர்வாக அலுவலர் அன்றே எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகும்.

மூன்றாவது நடையில் எழுத்தர் விடுப்பு. பக்கத்து மேஜைக்காரர், "அந்த செக்‌ஷன் பேப்பரை நான் தொட முடியாது" என்றார். ஊரிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லைதான். ஆனால் ஒரு நாள் போனால் நான்கு ரவிக்கை போயிற்று, அதற்கு எந்தத் திட்டமும் இல்லை.

நான்காவது நடையில் தாள்களை வாங்கிப் புரட்டினார். சர்வே எண் இருக்கிறது, உட்பிரிவு இல்லை. திரும்பினேன். உட்பிரிவை எழுதி வாங்கிக்கொண்டு ஐந்தாவது முறை போனேன். இந்த முறை தீர்மானத்தை முழுக்கப் படித்தார். முன்பு படித்திருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. "மரத்தை அகற்ற என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா. மரம் என்றால் மாவட்டப் பசுமைக் குழுவுக்குப் போகும். உங்களுக்கு வேண்டியது கிளைதானே?"

"கிளைதான் சார்."

"அப்படியானால் கிளை என்று எழுத வேண்டியதுதானே?"

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் மெஷின் இல்லாமலே நூறு ரவிக்கை தைத்திருப்பேன். ஆனால் மனிதர் சொன்னதில் தப்பில்லை, சொன்ன நாள்தான் தப்பு. நீங்கள் இப்படி ஏதாவது எழுதப்போகிறீர்கள் என்றால் முதல் தீர்மானத்திலேயே, "பள்ளி வளாகத்தில் ஊஞ்சலுக்கு மேல் ஆபத்தான நிலையில் உள்ள, மரத்தின் வடபுறக் கிளையை மட்டும்" என்று எழுதிவிடுங்கள். 'மட்டும்' முக்கியம். அந்த ஒரு சொல்லுக்காகத் தலைமை ஆசிரியை மறுபடி கூட்டம் போட்டு, 24 பேரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. இரண்டு பேர் திருப்பூரில் வேலையில் இருந்தார்கள், தீபாவளிக்கு வந்தபோது போட்டார்கள்.

ஆறாவது நடையில், நவம்பரில், மனு ஏற்கப்பட்டது. வனத்துறையிலிருந்து ஒருவர் வந்து டேப்பால் சுற்றளவு எடுத்து மதிப்புக் குறித்துக்கொண்டு போனார். பத்து நிமிட வேலை. இனி ஆணை வந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்தோம்.

அந்த மாதக் கடைசியில் புயல் எச்சரிக்கை. ஃபெஞ்சல் வடக்கே புதுச்சேரிப் பக்கம்தான் கரையைக் கடந்தது. ஆனால் அது கடக்கும் வரை இரவில் காற்று சற்று வேகமாக வீசினாலும் எழுந்து வாசலுக்கு வந்து பள்ளிக்கூடத் திசையைப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். இருட்டில் என்ன தெரியும்? ஆனாலும் பார்த்தேன்.

இதற்கிடையில் மற்ற வேலைகளும் நடந்துகொண்டிருந்தன. ஊஞ்சலை எதிர்ப்பக்கம் மாற்றி நட்டு, சங்கிலியின் தேய்ந்த கொக்கிகளைப் புதிதாகப் போட்டோம். சங்கிலியை எல்லோரும் இழுத்துப் பார்ப்பார்கள். தேய்வது சங்கிலி அல்ல, அதை மாட்டியிருக்கும் கொக்கிதான், விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். சறுக்குமரத்துக்குக் கீழே கொட்ட ஒருவர் ஒரு லோடு எம்-சாண்ட் அன்பளிப்பாக அனுப்பினார். வாயெல்லாம் பல்லாக வாங்கிக் கொட்டினோம். கல்லை உடைத்த மணல் அது, பொடிப்பொடியாகக் கூர்மை இருக்கும். ஒரு மழையில் சிமென்ட் தரை மாதிரி இறுகிவிட்டது. மூன்று பிள்ளைகளுக்கு முழங்கால் தேய்ந்த பிறகு அதை வாரி வழியில் இருந்த குழிகளில் போட்டோம். சறுக்குமரத்தடிக்கு உருண்ட மணல்தான் வேண்டும், அதையும் மாதம் ஒருமுறை கொத்திவிட வேண்டும். கண்ணாடித் துண்டு, கருவேல முள்ளுக்காகச் சலிக்கவும் வேண்டும். அன்பளிப்பு தருகிறவரிடம் என்ன வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், அவரும் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பள்ளியில் 64 பிள்ளைகள். முப்பதுக்கு மேல் நூறு வரை பிள்ளைகள் உள்ள பள்ளிக்குச் சமக்ர சிக்ஷா விதிப்படி ஆண்டு மானியம் 25,000 ரூபாய். அதில்தான் சாக்பீஸிலிருந்து கழிப்பறைச் சாமான் வரை எல்லாம். ஊஞ்சல் கொக்கிக்கு அதில் கை வைக்க எங்களுக்கே மனம் வரவில்லை, ஆளுக்கு நூறு ரூபாய் போட்டுக்கொண்டோம்.

தோட்டத்தைக் கெடுத்தவை ஆடுகள். தூங்குமூஞ்சிக் காய் இனிப்பும் பிசுபிசுப்புமாக இருக்கும், ஆட்டுக்கு அது அல்வா. காய் பொறுக்க வருகிற ஆடு, வந்த கையோடு எங்கள் வெண்டையையும் முடித்துவிடும். ஆட்டுக்காரர்களிடம் பேசினால், "மரம் உங்கள் மரமா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. உயிர்வேலி போடலாம் என்று முடிவானதும் ஒருவர் காட்டாமணக்குப் போத்து ஒரு கட்டு வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆடு வாய் வைக்காது, குத்தினால் முளைக்கும், காசு இல்லை. எல்லோருக்கும் சம்மதம். என் மாமியார்தான் வாசலிலேயே மறித்தார். "அதன் கொட்டையைத் தின்றுவிட்டு வாந்தியும் பேதியுமாகப் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிடந்ததை நீங்கள் பேப்பரில் படித்ததே இல்லையா?" படித்திருக்கிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடலை என்று நினைத்துத் தின்றதாக அடிக்கடி வருகிற செய்திதான். கையில் போத்தோடு நிற்கும்போது மட்டும் யாருக்கும் நினைவு வரவில்லை. காட்டாமணக்கு, ஆமணக்கு, அரளி மூன்றும் பள்ளிக்குள் வேண்டாம். அழகுக்காக அரளிக் கன்று கொண்டுவந்தவரையும் அன்றே திருப்பி அனுப்பினோம். கடைசியில் கிளுவைப் போத்து நட்டோம். அது பிடிக்கும் வரை ஒரு பழைய மீன்வலை காவல்.

சிறுகீரை மட்டும் முகத்தைக் காப்பாற்றியது. விதையை மணலோடு கலந்து தூவினோம், 25-ஆம் நாள் பிடுங்கி சத்துணவுச் சாம்பாரில் போட்டார்கள். தட்டுக் கழுவும் தண்ணீரை வாய்க்கால் வெட்டி வாழைக்கு விட்டோம். ஆனால் அரையாண்டு விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்று பட்டியல் போட மறந்தோம். கேட்டைத் திறந்தபோது கத்திரியும் தக்காளியும் சருகாக நின்றன.

ஜனவரி பொங்கல் முடிந்து ஏழாவது நடை. ஆணை தயாராக இருக்கும் என்று, கூடவே வெட்டுகிற ஆளையும் கூட்டிப் போனேன். எழுத்தர் கோப்பைத் திறந்து ஊராட்சித் தலைவர் கடிதத்தின் மேல் விரலை வைத்தார். "தலைவர்களின் பதவிக்காலம் 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இப்போது தனி அலுவலர்தான். அவர் கடிதம் வேண்டும்."

"அவர் பதவியில் இருக்கும்போது கொடுத்த கடிதம்தானே சார்?"

"கொடுத்தபோது இருந்தார். ஆணை போடும்போது இல்லையே அம்மா."

அந்த நியாயத்தை நான் பஸ்ஸில் முழு வழியும் யோசித்தேன். இன்னும் பிடிபடவில்லை. தனி அலுவலர் யாரென்றால், நான் முதல் நாள் போன அதே ஒன்றிய அலுவலகத்தில் இருப்பவர்.

எட்டாவது நடையில்தான் புத்தி வந்தது. கடிதத்தை வாங்கிக்கொண்டு நேராகத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தின் மக்கள் குறைதீர் கூட்டத்துக்குப் போனேன். கிளையின் பிளவுக்குள் என் கையை வைத்து எடுத்த படம், கீழே கயிறு கட்டிய இடத்துக்கு வெளியே பிள்ளைகள் நிற்கிற படம், மனுக்களின் நகல், நான் போன தேதிகள் எழுதிய ஒரு தாள். பேச்சு ஒரு நிமிடம்கூட இல்லை. மனு எண்ணோடு ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்கள். அந்தச் சீட்டு இருக்கிறதே, அதுதான் சாவி. பத்து நாள் கழித்து அந்த எழுத்தரே தலைமை ஆசிரியைக்குப் போன் செய்து, ஆணையை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். ஒன்பதாவது நடை. எனக்கு நாற்காலி போட்டார்கள். முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு நடையின் தேதியையும், யாரிடம் கொடுத்தோம் என்பதையும் எழுதி வையுங்கள். நான் ரவிக்கை அளவு நோட்டின் பின்பக்கத்தில் எழுதியிருந்தேன்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பிள்ளைகள் இல்லாத நேரத்தில், கயிறு கட்டி இறக்கினார்கள். சித்தப்பா கட்டையைப் புரட்டிக் காட்டினார். உள்ளே பாதி கூடு.

ஆனால் ஆணையின் கடைசி வரியை நாங்கள் சரியாகப் படிக்கவில்லை. வெட்டிய மரத்துண்டுகள் அரசுக்குச் சொந்தம், ஏலம் விடும் வரை இடத்தைவிட்டு நகர்த்தக் கூடாது. ஆகவே ஏழு துண்டுகளும் பெயின்ட் எண்ணோடு மைதானத்தின் நடுவில் கிடக்கின்றன. ஏலத்துக்கு ஒருவரும் வரவில்லை, விறகு விலைக்குக்கூட. தேள் ஏறிவிடுமோ என்று வாரம் ஒருமுறை கம்பால் தட்டிப் பார்க்கிறோம். பிள்ளைகளுக்கு அது பஸ். முன் கட்டையில் டிரைவர். என் மகன் கண்டக்டர், புங்க இலையைக் கிழித்து டிக்கெட் கொடுக்கிறான்.

மறு ஏலத்துக்கு மனு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை 'மரம்' என்று எழுதுவதா, 'கட்டை' என்று எழுதுவதா என்பதை முதலில் கேட்டுக்கொண்டுதான் பேனாவைத் திறக்கப்போகிறேன்.