ரேம்ப்பிலிருந்து பாய்லர் வரை

மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில், லாரியில் வரும் பழக்குலைகளை இறக்கும் ரேம்ப் என்ற மேடையில் பொதுத் தொழிலாளியாகச் சேர்ந்தேன். அப்பா தோட்டத்தில் குலை வெட்டியவர். "வேலையை ஒழுங்கா செய்யி, பெரியவங்க பார்த்துக்குவாங்க" என்று சொல்லி அனுப்பினார். நான்கு வருடம் அப்படித்தான் இருந்தேன். எந்த ஷிப்டையும் மறுத்ததில்லை. ஆனால் பாய்லர் உதவியாளர் இடம் காலியானபோது, எனக்குப் பின்னால் வந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் உதவிப் பொறியாளரிடம் போய் நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "உனக்கு அந்தப் பக்கம் வர ஆசைன்னு ஒரு நாளும் சொல்லலையே, தம்பி" என்றார். நான்கு வருடத்தில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அடுத்த முறை அந்த இடம் எனக்கு வேண்டும், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அங்கேயே கேட்டுவிட்டு வந்தேன்.

அன்று முதல் என் ஷிப்ட் முடிந்ததும் ஒரு மணி நேரம் பாய்லர் பக்கம் நின்றேன். அங்கே எரிவது ஆலையிலேயே மிஞ்சும் நாரும் கொட்டை ஓடும்தான். மழை நாளில் நார் நனைந்திருந்தால் பிரஷர் இறங்கும். கொட்டை ஓடு கொஞ்சம் கூடுதலாகப் போட வேண்டும். பாய்லர்மேன் அண்ணன் சொன்ன முதல் பாடம்: "தீயை அப்புறம் பாரு. முதல்ல கேஜ் கிளாஸ்ல தண்ணி எங்க நிக்குதுன்னு பாரு." பாய்லருக்குள் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடி அது. பிரஷர் எவ்வளவு, பாய்லர் அடியில் சேரும் கசடை வெளியேற்றும் ப்ளோடவுனை எத்தனை மணிக்குச் செய்தோம், அன்றைக்கு நார் எப்படி இருந்தது, எல்லாவற்றையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதினேன். அடுத்த இடம் காலியானபோது அந்த நோட்டைத்தான் மேசைமேல் வைத்தேன். வேலை கிடைத்தது.

அதற்கு மேல் போக டிக்கெட், அதாவது தகுதிச் சான்றிதழ், வேண்டும். அப்போது நடப்பில் இருந்த 1967-ஆம் ஆண்டு தொழிற்சாலை, இயந்திரச் சட்டப்படி தகுதிச் சான்றிதழ் இல்லாதவர் பாய்லருக்குப் பொறுப்பேற்க முடியாது. இரண்டாம் கிரேட் டிக்கெட்டுக்கு வாய்மொழித் தேர்வு, மலாய் மொழியில். கேஜ் கிளாஸை ஊதிச் சுத்தம் செய்து பார்த்தும் தண்ணீர் தெரியவில்லை, என்ன செய்வாய் என்று கேட்டார்கள். பதற்றத்தில் "பம்பைத் திறப்பேன்" என்றேன். அதோடு தேர்வு முடிந்தது.

அண்ணன் திட்டவில்லை. இரவு ஷிப்டில் உட்காரவைத்து விளக்கினார். தண்ணீர் இல்லாமல் காய்ந்து சிவந்த குழாயில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஒரே நொடியில் ஆவியாகும், பாய்லரே வெடிக்கும். நார் போவதை நிறுத்து, விசிறிகளை நிறுத்து, தண்ணீர் விடாதே, தானாக ஆறட்டும். பத்து பேர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் அது. இரண்டாம் முறை அதே கேள்வி வந்தது. கை நடுங்கவில்லை.

பிறகு முதல் கிரேட், அப்புறம் ஷிப்ட் மேற்பார்வையாளர். ஒவ்வொரு வருட மதிப்பீட்டுக்கும் நோட்டோடு போய், அடுத்து எனக்கு எந்தப் பொறுப்பு தரலாம் என்று வாய்விட்டுக் கேட்டேன். கேட்ட வருடமெல்லாம் உடனே கிடைத்துவிடவில்லை. ஆனால் என்ன குறை என்றாவது தெரிந்தது.

போன மாதம் ரேம்ப்பில் வேலை செய்யும் ஒரு தம்பி, ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் பாய்லர் வாசலில் நின்றான். கூப்பிட்டுக் கேஜ் கிளாஸ் முன்னால் நிறுத்தினேன்.