கடைசிப் பக்கத்து மன்னிப்பு

“அவன் கடைசியில மன்னிப்புக் கேக்கிறான் மிஸ். அதுக்காகத்தான் வாசிக்கிறன்.”

வாசிப்பு மாதத்துக்காக, நான் வேலை செய்யும் திருகோணமலை வாசிகசாலையில் நாங்கள் வைத்த பெண்கள் வாசகர் வட்டத்தில் ஓர் அக்கா இப்படிச் சொன்னார். நான் அப்போது மாத நாவல்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு நான் என்ன சொன்னேன், அவர் திருப்பி என்ன சொன்னார் என்பதை இன்னும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தபடி இருக்கிறேன்.

நான் சொன்னது இது: “மன்னிப்புக் கேக்கிறான், சரி அக்கா. ஆனா அதுக்கு முதல் புத்தகம் முழுக்க அவளைப் படாத பாடு படுத்துறானே. சந்தேகப்படுறான், அறையிறான், வீட்டை விட்டுத் துரத்துறான். எல்லாத்தையும் காதல் எண்டு சொல்லி முடிச்சுவைச்சா, வாசிக்கிற பிள்ளையள் அதைத்தானே காதல் எண்டு நினைப்பினம்?”

அவர் யோசிக்கவே இல்லை. “சந்தேகப்படுறதும் அறையிறதும் வெளியிலயும் இருக்கு மிஸ். மன்னிப்பு மட்டுந்தான் புத்தகத்தில இருக்கு.”

பின்வரிசையில் யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் “நல்ல கருத்து” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பேசச் சொன்னேன்.

அன்றைய கூட்டத்துக்கு நன்றாகவே ஆயத்தம் செய்திருந்தேன். திருகோணமலையில் இருந்துகொண்டு கதைகளில் பெண்ணைப் பற்றிப் பேசுவதென்றால் தி. த. சரவணமுத்துப்பிள்ளையிடம் தொடங்காமல் முடியாது. இந்த ஊரில் பிறந்து சென்னையில் வேலை பார்த்தவர். 1895இல் வெளிவந்த அவருடைய ‘மோகனாங்கி’ தமிழின் முதல் வரலாற்று நாவல் என்பது இங்கே பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதற்கு மூன்று வருடம் முந்தி, 1892இல், ‘தத்தைவிடு தூது’ என்று பெண் விடுதலையைப் பேசும் சிறு நூலொன்றை அவர் எழுதியது பலருக்குத் தெரியாது. பாரதிக்கு அப்போது பத்து வயதளவில்தான் இருக்கும். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அவ்வளவு வேளைக்கே இதைத் தொட்டிருக்கிறார் என்று சொல்லும்போது எனக்குக் குரல் தானாக உயர்ந்துவிடும். அதோடு, எழுதியவர் ஓர் ஆண், கிளியிடம் பேசும் பெண்ணின் வாயில் வருவதும் அவர் சொற்களே என்பதையும் சொன்னேன்.

அடுத்து சினிமா. இளம் பிள்ளைகள் உடனே நீலாம்பரியைப் பிடித்துக்கொண்டார்கள். 1999இல் ‘படையப்பா’ வந்தபோது அவர்களில் பலர் பிறந்திருக்கவே மாட்டார்கள். ஆனாலும் அவளை எல்லோருக்கும் தெரியும். படித்தவள், ஆசைப்பட்டதை வாய்விட்டுக் கேட்கிறவள். அவளை எதிரியாக்கி, கடைசியில் சாகவும் வைக்கிற கதை, அடக்கமான வசுந்தராவுக்குக் கல்யாணத்தைக் கொடுக்கிறது. பெண் எப்படி இருக்கவேண்டும் என்று கதாநாயகன் பாடம் எடுக்க, தியேட்டர் கைதட்டியது. நான் இதை விளக்கிக்கொண்டு போக, உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை, “அது சரி மிஸ், ஆனா ரம்யா கிருஷ்ணன் நடந்து வரேக்க எனக்கு அந்தப் பாடமெல்லாம் கேக்கிறேல்ல” என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள், நானும்தான். ஒரு படம் சொல்லவந்த பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டுத் தனக்கு வேண்டியதை மட்டும் ஒரு பெண் எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பிள்ளையிடம் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொண்டேன். அரை மணித்தியாலம் கழித்து அக்கா சொன்னதும் அதேதான். அவரிடம் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை? நீலாம்பரியின் நடையில் வீரம் தெரிந்தது, மாத நாவலின் மன்னிப்பில் அடிமைத்தனம் தெரிந்தது. அப்படி எனக்குத் தெரிந்ததற்கு ஒரு காரணம், அந்த நாவல்களை நான் பள்ளிக்காலத்தோடு நிறுத்திவிட்டதாக இருக்கலாம்.

என் பக்கத்தையும் சொல்லவேண்டும். நான் சொன்னது பிழை என்று இன்றும் நினைக்கவில்லை. அறைந்தவன் அழுதால் கணக்குத் தீர்ந்தது என்று நூறு கதைகள் திரும்பத் திரும்பச் சொன்னால், அறை வாங்கியவள் அழுகைக்காகக் காத்திருக்கப் பழகிவிடுவாள். இதை ஒரு வாசிகசாலையில், பெண்கள் மட்டும் இருக்கும் அறையில் சொல்லமுடியாவிட்டால் வேறு எங்கே சொல்வது?

ஜனிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர் இதே சிக்கலுக்குள் ஒரு முழுப் புத்தகத்தோடு இறங்கியவர். காதல் நாவல்களை விடாமல் வாசிக்கும் பெண்களை ஒரு சிறு நகரத்தில் சந்தித்து, அவர்கள் சொன்னதைக் கேட்டு, 1984இல் எழுதினார். புத்தகத்தைக் கையில் எடுக்கும் நேரம் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் இல்லாத, தங்களுக்கே உரிய நேரம் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். முரட்டு நாயகன் கடைசியில் கனிந்து அவளைக் கவனித்துக்கொள்வதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. வாசிப்பது ஒரு சின்ன மறுப்பு, ஆனால் வாசிக்கும் கதை அவர்களைத் திரும்ப அதே கலியாணத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது. ராட்வே இரண்டையும் சொன்னார், ஒன்றை வைத்து மற்றதை அழிக்கவில்லை. இதையெல்லாம் கூட்டத்துக்கு முதலே வாசித்து வைத்திருந்தேன். அந்த அக்கா அதையே இரண்டு வசனத்தில் சொன்னபோது என் வாயில் வந்தது “நல்ல கருத்து”.

அவர் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். அடுப்பில் நீத்துப்பெட்டி ஏறி இறங்கும் இடைவெளியில் வாசிப்பாராம். அவர் திருப்பித் தரும் புத்தகங்களை நான் அடையாளம் காண்பேன். தாள்களுக்கிடையில் மாவு ஒட்டியிருக்கும். கூட்டத்துக்குப் பிறகு, திருத்துவதற்கு ஒதுக்கிய மாத நாவல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கங்கள் ஒருமுறை வாசித்த பக்கங்கள்போல இருந்தன. கடைசி நாலைந்து தாள்களின் ஓரம் மட்டும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்து, மூலை மடிந்து, சிலதில் ஒட்டுக்கடதாசி போட்ட இடமே திரும்பக் கிழிந்திருந்தது. அவர் ஒருவர் செய்த வேலையல்ல அது. திகதிச் சீட்டில் இடமில்லாமல் முத்திரைக்குமேல் முத்திரை. எத்தனை பெண்கள் முடிவுக்கு மட்டும் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

பிறகு ஒரு நாள் அவருக்கு ‘சொல்லாத சேதிகள்’ எடுத்துக் கொடுத்தேன். 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட கவிதைத் தொகுப்பு. எங்கள் பெண்கள் தங்கள் வாயாலேயே பேசத் தொடங்கியதன் அடையாளம் என்று நான் மதிக்கும் நூல். வாசித்துவிட்டுக் கொண்டுவந்தார். “நல்லா எழுதியிருக்கினம் மிஸ். உண்மையைத்தான் எழுதியிருக்கினம். ஆனா இதில ஒருத்தனும் மன்னிப்புக் கேக்கேல்லையே.” குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. கவனமாக வாசித்த ஒருவர் சொல்லும் விமர்சனமாகவே சொன்னார். மற்றக் கையில் இன்னொரு மாத நாவல் இருந்தது. முத்திரை குத்திக் கொடுத்தேன்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இதை வாசிப்பு பற்றிய ஒரு கருத்து வேறுபாடு என்று விட்டிருப்பேன். “வெளியிலயும் இருக்கு” என்று அவர் தன் வீட்டைப் பற்றிச் சொன்னாரா என்பதுதான் என்னை விடவில்லை. உலகத்தைப் பற்றிப் பொதுவாகவும் சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் நான் அதைத் தோண்டாதது சரிதான். இது சின்ன ஊர், ஒருத்தி கூட்டத்தில் சொன்னது அவள் வீடு போய்ச் சேருமுன் சந்தைக்குப் போய்விடும். ஆனால் தனியாகக் கேட்க எத்தனையோ சந்தர்ப்பம் இருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், வேறு யாரும் இல்லை. வாசகர் எந்தப் புத்தகத்தை ஏன் எடுக்கிறார் என்று துருவக்கூடாது என்பது எங்கள் வேலையின் ஒழுக்கம். அந்த ஒழுக்கத்தை நான் நம்புகிறேன். இந்த விஷயத்தில் அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பற்றியும், 1938 என்ற பெண்கள் உதவித் தொலைபேசி இலக்கம் பற்றியும் எனக்குத் தெரியும். நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை வாங்கலாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் என்னிடம் சட்டம் கேட்கவில்லை. அவர் சொன்னது மன்னிப்பைப் பற்றி. எந்த நீதிமன்றக் கட்டளையிலும் மன்னிப்பு வராது.

அடுத்து வந்தது கழிவு நூல் பட்டியல். அடுக்கில் இடமில்லை, கிழிந்தவற்றைக் கழிக்கவேண்டும் என்று எனக்கு மேலே உள்ளவர் சொன்னார். அவருடைய கையெழுத்துக் குறிப்பில் முதலில் இருந்தது மாத நாவல்கள். “நீங்கள்தானே தங்கச்சி கூட்டத்தில சொன்னனீங்கள், பெண்ணடிமைக் கதையள் எண்டு? பிறகென்ன?” என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல. என் வாதத்தை மதித்துத்தான் சொன்னார். ஆனால் அதே அளவு கிழிந்து கிடந்த துப்பறியும் நாவல்களை யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை. அவற்றில் முதல் அத்தியாயத்திலேயே ஒரு பெண் பிணமாகக் கிடப்பாள். அதைப் பற்றி நானும் கூட்டத்தில் ஒரு சொல் பேசவில்லை. பெண்கள் வாசிப்பதை மட்டும் திருத்தவேண்டும் என்று எனக்கே எங்கிருந்து வந்தது?

நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் ஐந்து விதிகளை இந்த வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் படிப்போம். சீர்காழியில் பிறந்த அந்த மனிதர் 1931இல் எழுதியவற்றில் இரண்டு: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். பரீட்சைக்கு எழுதிய விதி அன்று வாதாட உதவியது. மாத நாவல்களைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பசை போட்டு ஒட்டினேன். ஒட்டும்போது ஒரு கதையின் முடிவை வாசித்தேன். அவன் முழங்காலில் இருந்து அழுகிறான், அவள் உடனே மன்னிக்கிறாள், அடுத்த பந்தியில் சமைக்கப் போகிறாள். எனக்குக் கோபம் வந்தது. புத்தகத்தை ஒட்டி முடித்து உலர வைத்தேன்.

அப்படியென்றால் நான் என்ன நிலைப்பாட்டில் இருக்கிறேன் என்று கேட்டால் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. கூட்டத்தில் இந்தக் கதைகளுக்கு எதிராகப் பேசினேன், அலுவலகத்தில் அவற்றுக்காகச் சண்டை போட்டேன். இரண்டையும் மனமாரத்தான் செய்தேன். அக்காவின் பேச்சு என் கருத்தை மாற்றிவிட்டது என்றும் சொல்லமுடியாது. மன்னிப்புக் கேட்கிற ஆண்களை வெளியில் உண்டாக்காமல், கேட்கிற ஒருவனைப் புத்தகத்தில் தேடுகிறவளிடம் போய்த் தேடாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் விட்டால், உயர்தரம் படிக்கும் அந்தப் பிள்ளை அதே அடுக்குக்கு வரும்போது என்ன சொல்வேன்?

1938 என்ற இலக்கத்தைப் பக்க அடையாளச் சீட்டுகளில் அச்சடித்து வைத்திருக்கிறேன். முதலில் மாத நாவல்களுக்குள் மட்டும் வைக்க நினைத்தேன். யாருடைய வீட்டில் யார் எடுத்துப் பார்ப்பார் என்று யோசித்துவிட்டு, வெளியே போகும் எல்லாப் புத்தகத்திலும், ஆண்கள் எடுக்கும் துப்பறியும் கதைகளிலும், கணிதப் புத்தகங்களிலும் வைக்கிறேன். எல்லோருக்கும் கொடுப்பதால் யாரையும் கேட்கவேண்டி இருப்பதில்லை. அது நல்லதா என்று தெரியவில்லை.

வரும் ஒக்டோபர் வட்டத்துக்கு மாத நாவல்களையே தலைப்பாகப் போட்டிருக்கிறேன். முதலில் பேசச் சொல்லி அக்காவைக் கேட்டேன். “நானோ? நீங்களே கதையுங்கோ மிஸ், நான் கேக்கிறன்” என்றார். நான் கதைத்தால் போனமுறை கதைத்ததைத்தான் திரும்பவும் கதைப்பேன், அதற்கு நீங்கள் மறுமொழி சொல்லவேண்டும் என்றேன். இடியப்பம் கொண்டுபோக நேரமாகிவிட்டது என்று புத்தகத்தைப் பையில் வைத்தார். “பாப்பம்” என்றார்.