நாரியா, இடுப்பா, முதுகா? ஒரு வினாக்கொத்தைக் கொழும்பு கிளினிக்குக்குக் கொண்டுவந்த அனுபவம்

பல்கலைக்கழகத்தில் இயன்மருத்துவம் படிப்பிக்கிறவர்களுக்கு வாரத்தில் பாதி விரிவுரை மண்டபத்திலும் மீதி வார்டிலும் கிளினிக்கிலும் போய்விடும். ஆய்வுக்குக் கிடைப்பது இடையில் மிஞ்சுகிற நேரம். அதில் என்ன செய்யலாம் என்று கேட்கிற இளம் விரிவுரையாளர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: தினமும் கையில் எடுக்கிற அளவீடு ஒன்றை நோயாளி பேசுகிற தமிழுக்குக் கொண்டுவாருங்கள். பதவி உயர்வுக்கான கோப்பில் ஒரு கட்டுரை சேரும் என்பது உண்மை. அதைவிடப் பெரிய பயன் அடுத்த கிளினிக் நாளிலேயே தெரியும்.

நாங்கள் எடுத்தது கீழ்முதுகு நோவுக்கான ரோலண்ட்-மோரிஸ் வினாக்கொத்து. அந்த நோ அன்றாட வேலைகளை எவ்வளவு தடுக்கிறது என்பதை அளப்பது. 1983இல் வெளியானது. 136 கூற்றுகள் கொண்ட பழைய சுகாதார வினாக்கொத்து ஒன்றிலிருந்து 24ஐப் பொறுக்கி, ஒவ்வொன்றோடும் 'முதுகின் காரணமாக' என்ற பொருளைச் சேர்த்து ஆக்கியது. இன்று தனக்குப் பொருந்துகிற கூற்றுக்கு நோயாளி அடையாளம் இடுவார். அடையாளங்களை எண்ணினால் புள்ளி. 0இலிருந்து 24 வரை, கூடினால் சிரமம் கூட. பயன்படுத்தக் கட்டணமில்லை. இதே நோவுக்கான இன்னொரு வினாக்கொத்தான ஒஸ்வெஸ்ட்ரியைத் தெரிவுசெய்தால் உரிமை வைத்திருப்பவர்களிடம் முதலிலேயே அனுமதி எடுக்க வேண்டும்.

முதல் தடை நெறிமுறை மீளாய்வுக் குழு. தகவல் தாளும் சம்மதப் படிவமும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வேண்டும். வைத்தியசாலைப் பணிப்பாளரின் அனுமதி வேறாக எடுக்க வேண்டும். இங்கே பலர் செய்கிற பிழை, மொழிபெயர்ப்பை முடித்துவிட்டு அனுமதிக்குப் போவது. சில நோயாளிகளிடம் கொடுத்துப் பார்க்கிற முன்பரிசோதனையில் சொற்கள் மாறத்தான் போகின்றன. அது மாறும் என்று விண்ணப்பத்திலேயே எழுதி, இறுதி வடிவத்தைத் திருத்தமாகச் சமர்ப்பிப்பதாகச் சொல்லிவிட்டால் பின்னால் மாதக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை.

மொழிபெயர்ப்பு முறை எல்லோருக்கும் தெரிந்தது: தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க வேண்டும். ஒருவர் துறை அறிந்தவர், மற்றவர் மருத்துவமே அறியாதவர். இரண்டையும் ஒன்றாக்கி, மூலத்தைப் பார்த்திராத இருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு நிபுணர் குழு கூடும். அதன்பின் 30 முதல் 40 நோயாளிகளிடம் முன்பரிசோதனை. துறை அறியாத அந்த மொழிபெயர்ப்பாளரை விட்டுவிடாதீர்கள். எங்களைப் போன்றவர்கள் எழுதினால் பாடப்புத்தகத் தமிழ் வந்துவிடும். 'கீழ்முதுகு' என்று நாங்கள் எழுதிய இடத்தில் 'நாரி' என்று எழுதினவர் அவர்தான்.

கொழும்பின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரே காலையில் வெள்ளவத்தையில் இருக்கிற யாழ்ப்பாணத்து அம்மா, ஹட்டனிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர், மருதானை முஸ்லிம் வியாபாரி என்று மூவரும் வரிசையில் இருப்பார்கள். முதலாமவருக்கு நாரி நோகும், இரண்டாமவருக்கு இடுப்பு வலிக்கும், மூன்றாமவர் முதுகு என்பார். மூவரும் கை வைத்துக் காட்டுகிற இடம் ஒன்றே. ஒரு சொல்லைத் தெரிவுசெய்து மற்றவர்களை விட்டுவிட முடியாது. முகப்பில் மனித உடலின் பின்புறப் படம் ஒன்றை அச்சிட்டு, கடைசி விலா எலும்புக்கும் பிட்டத்தின் கீழ் மடிப்புக்கும் இடைப்பட்ட பகுதியை நிழலிட்டு, 'இந்த இடத்து நோ (நாரி, இடுப்பு, முதுகு வலி)' என்று எழுதினோம். 24 கூற்றுகளிலும் 'இந்த நோவினால்' என்பதைத் திரும்பத் திரும்ப விட்டோம். படிக்க அலுப்பாக இருக்கிறதென்று குழுவில் இருக்கும் மொழி வல்லுநர் வெட்டச் சொல்வார், சம்மதிக்காதீர்கள். அதை எடுத்துவிட்டால், முழங்கால் தேய்ந்தவர் மாடிப்படி பற்றிய கூற்றுக்கு அடையாளம் இட்டுவிடுவார், அது முதுகின் கணக்கில் ஏறும்.

இந்த வினாக்கொத்தில் இல்லாவிட்டாலும், வரலாறு எடுக்கும் படிவத்தைத் தமிழாக்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய சொல் ஒன்று: விறைப்பு. அகராதிப்படி மூட்டு இறுகிப்போவதும் விறைப்புத்தான். ஆனால் 'கால் விறைக்குது' என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் உணர்ச்சி குறைந்து மரத்துப்போவதையே சொல்கிறார். காலையில் முதுகு இறுகுவது ஒரு கதை, காலில் உணர்ச்சி குறைவது நரம்பு நசுங்குவதைக் காட்டக்கூடிய வேறொரு கதை. நாங்கள் 'இறுக்கம்', 'மரத்துப்போதல்' என்று பிரித்துவிட்டோம். 'விறைப்பு' என்ற சொல்லையே எங்கும் வைக்கவில்லை.

காலுறை அணிவது பற்றிய கூற்று இன்னொன்று. செருப்போடு வருகிறவரிடம் அதைக் கேட்டால் 'நான் போடுறதில்லையே' என்பார். அந்தக் கூற்று உண்மையில் அளப்பது, முன்னால் வளைந்து பாதத்தை எட்ட முடிகிறதா என்பதை. அந்த அசைவைக் கேட்கிற வேறு செயல் வேண்டும். கால் நகம் வெட்டுவது எல்லோரும் செய்வது, வளைவும் ஏறக்குறைய அதே அளவு. சம்மணமிட்டு உட்காருவதைச் சிலர் முன்மொழிவார்கள். அதில் இடுப்பு மூட்டும் முழங்காலும் நுழைந்துவிடும்.

எங்களை மிக அதிகம் அலைக்கழித்தது எதிர்மறைக் கூற்று. வழக்கமாகச் செய்யும் வீட்டு வேலைகளை இந்த நோவினால் செய்வதில்லை என்று ஒரு கூற்று வருகிறது. மூலத்தில் அடையாளம் இடுவது மட்டுமே உண்டு. விளங்காமல் வெறுமையாக விட்டாலும் 'பொருந்தாது' என்றே எண்ணப்பட்டு, புள்ளி குறைந்துவிடும். அதைத் தவிர்க்க 'ஓம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம் வைத்தோம். உடனே வேறு பிழை வந்தது. 'செய்வதில்லை' என்ற கூற்றுக்குத் தமிழில் 'இல்லை' என்றால் 'சரி, நான் செய்வதில்லை' என்றும் அர்த்தம். ஆமோதிக்கிறவரும் மறுக்கிறவரும் ஒரே கட்டத்தில் அடையாளம் இட்டார்கள். 'எனக்குப் பொருந்தும்', 'பொருந்தாது' என்று மாற்றிய பிறகே அது தீர்ந்தது. ஆனாலும் வீட்டு வேலையே செய்யாத ஆண்கள் அதற்கும் 'பொருந்தும்' என்பார்கள். 'வழக்கமாகச் செய்யும்' என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

முன்பரிசோதனையில் புள்ளியைப் பார்த்து என்ன பயன்? ஒவ்வொரு கூற்றையும் வாசித்தபின் 'இதை உங்கள் சொல்லில் சொல்லுங்கோ' என்று கேட்டு, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கூட வந்த மகளோ கணவரோ பதில் சொல்ல விடாதீர்கள், கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் போதும். தானே வாசித்து நிரப்பினாரா, வேறொருவர் வாசிக்கக் கேட்டுச் சொன்னாரா என்பதை ஒவ்வொரு தாளிலும் பதியுங்கள். 'இன்று' என்பதையும் வாயால் நினைவூட்டுங்கள். இல்லாவிட்டால் கடந்த மாதத்துக் கதையெல்லாம் உள்ளே வரும்.

நோ மாறாதவருக்குப் புள்ளியும் மாறாமல் வருகிறதா என்று பார்க்கும் மறுசோதனைக்கு அதே ஆள் ஒன்று அல்லது இரண்டு கிழமைக்குள் திரும்ப நிரப்ப வேண்டும். அதற்குள் சிகிச்சை தொடங்கினால் நோ குறையும். நம்பகத்தன்மைதான் குறைந்ததென்று கணக்கு தவறாகக் காட்டும். 'அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே மாதிரியா?' என்று கேட்டு, 'ஒரே மாதிரி' என்றவர்களை மட்டும் கணக்கில் எடுங்கள். வவுனியாவிலிருந்து வருகிறவரைத் திரும்ப வரச்சொல்வது கஷ்டம்தான். அதற்காக முதல்முறை தாளிலும் இரண்டாம்முறை தொலைபேசியிலும் எடுத்தால் முறையின் வேறுபாடு முடிவில் கலந்துவிடும். அவரை ஆரம்பத்திலேயே மறுசோதனைக் குழுவில் சேர்க்காமல் விடுவது நல்லது.

அச்சுக்குக் கொடுக்கும்போது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யாதீர்கள். வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் அடித்து, பிடிஎஃப் ஆக்கி, 14 புள்ளி எழுத்தில் ஒரு தாளின் இரு பக்கத்துக்குள் அடக்குங்கள்.

கடைசியாகக் கணக்கிட வேண்டியது, எத்தனை புள்ளி மாறினால் அது உண்மையான மாற்றம் என்பது. உதாரணத்துக்கு நியம விலகல் 5.5, மறுசோதனை இணைவுக் குணகம் (இரு முறை எடுத்த புள்ளிகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது, முழுதாக ஒத்தால் 1) 0.88 என்று வைத்துக்கொள்வோம். 1இலிருந்து 0.88ஐக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, 5.5ஆல் பெருக்கினால் அளவீட்டு வழு ஏறக்குறைய 1.9. அதை 1.96ஆலும் 2இன் வர்க்கமூலத்தாலும் பெருக்கினால் 5.3. அதற்குக் குறைந்த மாற்றம் வெறும் அளவீட்டு வழுவாகவும் இருக்கலாம். ஆகவே முதல் நாள் 14 எடுத்தவர் ஆறாவது கிழமையில் 10 எடுத்தால், குறைந்திருக்கிறது என்று அவருடைய கொப்பியில் எழுத மாட்டோம். 8க்கு வந்தால் எழுதுவோம்.