பெரிய இடப்பெயர்வும் நினைவின் இயல்பும்

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து கிழக்கே தென்மராட்சிக்குப் போன கதையை எங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். அரிக்கன் லாம்பைத் தான் கையில் பிடித்திருந்ததாக அம்மம்மா சொல்கிறார். அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் புறப்பட்டோம் என்கிறார் பெரியம்மா. இருவருக்கும் அந்த இரவு கண்முன் நிற்கிறது, இருவரும் பொய் சொல்பவர்கள் அல்லர். இவற்றை எழுதி வைக்கத் தொடங்கிய பிறகே நினைவைப் பற்றிய உளவியல் ஆய்வுகளைத் தேடி வாசித்தேன்.

நடந்தவை மூளையில் அப்படியே பதிந்து கிடக்கின்றன, வேண்டியபோது எடுத்துப் பார்க்கிறோம் என்றே நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறானது. வட அமெரிக்கப் பழங்குடியினரின் நாட்டார் கதையொன்றை ஆங்கிலேயர்களுக்கு வாசிக்கக் கொடுத்து, கால இடைவெளி விட்டு அதைத் திரும்பத் திரும்ப எழுதச் செய்தார். பழக்கமில்லாத பகுதிகள் உதிர்ந்தன. பழங்குடியினரின் தோணி சாதாரணப் படகாயிற்று, கடல்நாய் வேட்டை மீன்பிடியாயிற்று. எஞ்சிய சில துண்டுகளைக் கொண்டு, தமக்குத் தெரிந்த உலகத்தின் துணையோடு, மனிதர் ஒவ்வொரு முறையும் நினைவைப் புதிதாகக் கட்டுகிறார்கள் என்பதே அவர் கண்ட முடிவு.

அதிர்ச்சியான நிகழ்வுகளும் இதற்கு விலக்கல்ல. 1986 ஜனவரி 28இல் சலெஞ்சர் விண்ணோடம் வெடித்துச் சிதறிய மறுநாள் காலை, அச்செய்தியை எங்கே, யார் மூலம் அறிந்தீர்கள் என்று உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் எமோரிப் பல்கலைக்கழக மாணவர்களிடம் எழுதி வாங்கினர். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளின் பின் அவர்களில் 44 பேரிடம் மீண்டும் கேட்டபோது, 11 பேருடைய விடைகள் முக்கிய விவரங்கள் எல்லாவற்றிலும் தவறாயிருந்தன. ஆனால் தவறாகச் சொன்னவர்களிற் பலர் மிகுந்த உறுதியோடு சொன்னார்கள். தம் கையெழுத்திலிருந்த முதல் விடையைக் காட்டியபோதுகூடப் பழைய நினைவு அவர்களுக்குத் திரும்பவில்லை. செய்தியைக் கேட்பதும் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடுவதும் ஒன்றல்ல என்பது உண்மைதான். நேரிற் பட்டவற்றின் மையம் பெரும்பாலும் நன்றாகவே நிலைக்கிறது. ஓரத்து விவரங்களே எளிதில் நழுவுகின்றன.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது எலிசபெத் லொஃப்டஸும் ஜோன் பாமரும் 1974இல் வெளியிட்ட ஆய்வு. விபத்துப் படமொன்றைப் பார்த்தவர்களிடம் கார்களின் வேகத்தைக் கேட்டபோது, சிலரிடம் 'மோதியபோது' என்றும் சிலரிடம் 'மோதி நொறுங்கியபோது' என்றும் சொல்லை மட்டும் மாற்றிக் கேட்டார்கள். நொறுங்கியதாகக் கேட்கப்பட்டவர்கள் கூடுதலான வேகத்தைச் சொன்னார்கள். ஒரு கிழமை கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, அவர்களில் 50 பேருக்கு 16 பேர் ஆம் என்றார்கள். மற்றக் குழுவில் 50 பேருக்கு 7 பேர்தான் அப்படிச் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை.

சாட்சியங்களில் ஒரு சிறு விவரம் பிசகினால் முழுவதையுமே பொய்யென ஒதுக்கிவிடுவோர் இருக்கிறார்கள். அதற்கு இந்த ஆய்வுகளைத் துணைக்கு அழைப்பது அநியாயம். லாம்பைப் பற்றி இருவர் முரண்படலாம்; அவர்கள் வீட்டை விட்டு ஓடியதில் முரண்பாடு இல்லை.

இப்போது ஒவ்வொருவரையும் தனித்தனியாக இருத்தியே கேட்கிறேன். சேர்ந்திருந்து பேசும்போது ஒருவர் சொன்னது மற்றவரின் நினைவாகிவிடுகிறது. 'அன்று மழை பெய்ததா?' என்று கேட்பதைத் தவிர்த்து, 'அந்த இரவைப் பற்றிச் சொல்லுங்கோ, அம்மம்மா' என்று தொடங்கி, அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருக்கிறேன். யார், எப்போது சொன்னது என்பதையும் குறித்துக்கொள்கிறேன். இரண்டு விவரங்கள் முரண்பட்டால் இரண்டையும் அப்படியே எழுதுகிறேன். ஒன்றைத் திருத்தி மற்றதோடு பொருத்திவிட்டால், எது யாருடைய நினைவு என்பது பின்னர் வாசிப்பவருக்குத் தெரியாமற் போய்விடும்.