கன்ட்ரோல் நனைந்ததா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. காரம் மர இழையை என்ன செய்கிறது என்று பார்க்க எக்ஸ்ரே சிடியில் (உள்ளமைப்பை முப்பரிமாணமாகக் காட்டும் ஸ்கேன்) எடுத்த படங்களைத் துறைக் கருத்தரங்கில் காட்டி முடித்தேன். காகிதத்துக்கான மரக்கூழ், அதாவது பல்ப், தயாரிக்கும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் கடைசி வரிசையிலிருந்து கேட்டார்: "உங்க கன்ட்ரோல் சாம்பிள் நனைஞ்சதா?"

நனையவில்லை. கன்ட்ரோல் என்பது ஒப்பிட்டுப் பார்க்க, காரம் கொடுக்காமல் வைக்கும் சாம்பிள். காய்ந்த அட்டையாக வந்த தைலமரப் பல்ப்பில் ஒரு துணுக்கைப் பிய்த்து அப்படியே ஸ்கேனருக்குள் வைத்திருந்தேன். சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் கொடுத்த சாம்பிளோ ஊறி, கழுவப்பட்டு, மறுபடி காய்ந்து வந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் காரத்தின் கணக்கில் எழுதியிருந்தேன். எட்டு மாத உழைப்பு, அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து இங்கே படிக்க வருகிறவர்கள் என்னிடம் பெரும்பாலும் மெஷினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மெஷின் கடைசி வேலை. தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்.

மர இழை என்பது நடுவில் துளையுள்ள குழாய். முதல்முறை காயும்போதே சுவர் சுருங்கி, துளை நசுங்கி, உள்ளே செல்லுலோஸ் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு நனைத்தாலும் பழைய நிலைக்கு முழுதாக வராது. அம்மா கொடுத்தனுப்பிய வெண்டைக்காய் வற்றலை, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நான் தங்கியிருந்த வீட்டு ஆண்ட்டி ஒரு நாள் வெந்நீரில் போட்டுவிட்டு, "இன்னும் சின்னதாவே இருக்கே, கண்ணா" என்றார். அதேதான். ஆகவே முடிந்தால் ஒருமுறைகூடக் காயாத ஈரப் பல்ப்பை ஆலையில் கேட்டு வாங்கி, 4 டிகிரியில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கன்ட்ரோலுக்கும் அதே நேரம் ஊறல், அதே கழுவல், அதே உலர்த்தல். காரத்துக்குப் பதில் வெறும் தண்ணீர், அவ்வளவுதான் வித்தியாசம். இழையின் உருவம் கெடக்கூடாது என்றால் ஓவனில் காய வைக்காமல் உறைய வைத்து உலர்த்துவது மேல்.

இன்னொரு குழியிலும் விழுந்தேன். 18 சதவீதக் காரத்தில் ஊறிய இழைகளின் சுவர் படத்தில் பளிச்சென்று தெரிந்தது. சுவர் அடர்த்தியாகிவிட்டது என்று குதித்தேன். உண்மையில் அங்கே பளிச்சிட்டது சோடியம். செல்லுலோஸில் இருப்பதெல்லாம் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன். எக்ஸ்ரே அவற்றைக் கிட்டத்தட்டக் கண்டுகொள்ளாமல் ஊடுருவிப் போய்விடும். குறைந்த ஆற்றலில், எடைக்கு எடை, சோடியம் கார்பனைவிட 6, 7 மடங்கு அதிகமாக உறிஞ்சும். கழுவல் போதாமல் துளைக்குள் துளி காரம் தங்கினாலும் படம் பொய் சொல்லும். மேலே வடிந்த நீரில் பிஹெச் தாளை நனைத்துப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் ஒருமுறை அலசி, பிறகு தண்ணீரில் கழுவி, கடைசிக் கழுவு நீரின் மின்கடத்து அளவு நீங்கள் ஊற்றிய தண்ணீரின் அளவுக்கு இறங்கும்வரை விடாதீர்கள். சலிப்பான வேலைதான். நான் ஒரு சாம்பிளுக்கு ஒரு முழுப்பகல் செலவழித்தேன்.

இப்போது மெஷின். தைலமர இழையின் சுவர் 3, 4 மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரான்). நீளம் ஒரு மில்லிமீட்டருக்குள். சுவரை அளக்க வேண்டுமென்றால் ஒரு வாக்ஸல், அதாவது முப்பரிமாணப் படத்தின் ஒரு புள்ளி, 0.7 மைக்ரானுக்கு மேல் போகக்கூடாது. 2000 பிக்ஸல் டிடெக்டரில் அப்படி எடுத்தால் உங்களுக்குக் கிடைக்கும் அகலம் 1.4 மில்லிமீட்டர். அதாவது சாம்பிள் ஒரு கடுகைவிடச் சிறியது. "பெரிய துண்டாக வைத்தால் நிறைய இழை கிடைக்குமே" என்ற ஆசைக்கு இங்கே இடமில்லை. பிரிட்டோரியா அருகே பெலிண்டாபாவிலோ ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்திலோ உள்ள சிடி வசதிக்கு விண்ணப்பிக்கும் முன் இந்தக் கணக்கைத் தாளில் போட்டு, எக்ஸ்ரே குழாயின் குவியப்புள்ளி (குழாயில் எக்ஸ்ரே பிறக்கும் இடம்) எத்தனை மைக்ரான் என்று கேட்டுவிடுங்கள். அது 3 மைக்ரான் என்றால் தாளின் இழைப் பின்னலைப் பார்க்கலாம், சுவரைப் பார்க்க முடியாது.

டர்பன் காற்றைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பிப்ரவரியில் இங்கே துணியே காயாது. இழை மட்டும் சும்மா இருக்குமா? கடலோர ஈரத்தில் கட்டிய பொட்டலத்தை ஜூலை மாத பிரிட்டோரியாவின் வறண்ட காற்றில் பிரித்தால், ஸ்கேன் ஓடும் நான்கு மணி நேரமும் இழை மெல்ல நெளிந்துகொண்டே இருக்கும். படம் இரட்டை இரட்டையாக வரும். சிலிக்கா ஜெல்லோடு எடுத்துப் போங்கள், முதல் நாளே ஸ்கேனர் அறையில் திறந்து வையுங்கள், ஏற்றும்போது சிறு குழாய்க்குள் வைத்து மூடிவிடுங்கள். ஸ்கேன் முடிந்ததும் பூஜ்ய டிகிரிப் படத்தை இன்னொரு முறை எடுத்து முதல் படத்தோடு ஒட்டிப் பாருங்கள். பொருந்தவில்லையென்றால் சாம்பிள் நகர்ந்திருக்கிறது. மென்பொருளில் சரிசெய்யலாம் என்று நேரத்தை வீணாக்காமல் திரும்ப எடுங்கள். லோட்ஷெடிங் நாட்களில் நேர அட்டவணையையும் பார்த்துக்கொள்ளுங்கள், மூன்றாவது மணியில் கரண்ட் போன கதை எனக்கு உண்டு.

தீசிஸ் எழுதும்போது பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்று: எக்ஸ்ரே படம் வேறு, எக்ஸ்ரே விளிம்புவிலகல் (எக்ஸ்ரே எந்தக் கோணங்களில் சிதறுகிறது என்று அளந்து படிக அமைப்பை அறியும் முறை) வேறு. அடர்ந்த காரத்தில் 'செல்லுலோஸ் I' என்ற படிக வடிவம் 'செல்லுலோஸ் II' என்ற வடிவமாக மாறியதா என்று சிடி படம் சொல்லாது. அதற்கு விளிம்புவிலகல் வேண்டும்: தாமிரக் குழாய் தரும் எக்ஸ்ரேயில், வரைபடத்தில் 22.7 டிகிரி அருகே இருந்த பெரிய முகடு தேய்ந்து, 12, 20, 22 டிகிரி அருகே புதியவை எழ வேண்டும். படம் வடிவத்துக்கு, முகடு படிகத்துக்கு. இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் வைத்தாலும் ஒன்றின் முடிவை மற்றதன் வாயில் திணிக்காதீர்கள். தேர்வாளர் முதலில் தேடுவது அதைத்தான்.

நனைந்த கன்ட்ரோலோடு எல்லாவற்றையும் மறுபடி எடுத்தேன், ஐந்து மாதம் கூடுதல். சுவர் தடித்தது உண்மைதான். ஆனால் நான் முதலில் காட்டிய தடிப்பில் பெரும்பகுதி தண்ணீரின் வேலை. மீந்த ஈரப் பல்ப் இன்னும் ஆய்வக ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், தேதி எழுதிய பையில் இருக்கிறது. அடுத்து வருகிறவர் கேட்டு எடுத்துக்கொள்ளலாம்.