டிரிப்ஸ் வேண்டாம்மா, தலையைக் கொஞ்சம் திருப்புவோம்

கடலூரில் அவசர சிகிச்சைப் பிரிவில் இரவு டூட்டி பார்க்கிறவன் நான். விடியற்காலை 5 மணிக்கு மேல் வருகிற தலைச்சுற்றல்களில் பலவும் ஒரே மாதிரிதான் இருக்கும். தூக்கத்தில் புரண்டிருப்பார்கள், இல்லையென்றால் பாயிலிருந்து எழுந்திருப்பார்கள், வீடே சுழன்றிருக்கும்.

போன வாரம் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு அம்மா, 60 வயதிருக்கும், மகன் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடியபடியே வந்தார். "பித்தம் ஏறிடுச்சு தம்பி, ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடுப்பா." பிரஷர், சுகர் எல்லாம் சரியாக இருந்தது. எப்போது சுற்றுகிறது என்று கேட்டேன். "வலது பக்கம் திரும்பிப் படுத்தா ராட்டினம் மாதிரி சுத்துது, ஆடாம கிடந்தா நின்னுடுது." பாதி வைத்தியம் இந்தப் பதிலிலேயே இருக்கிறது.

உட்காதில் ஒரு சின்னப் பையில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டியிருக்கும். அவை பிய்ந்து, தலை திரும்புவதை உணரும் பக்கத்து அரைவட்டக் குழலுக்குள் விழுந்துவிட்டால், தலையை அசைக்கும்போதெல்லாம் அங்கிருக்கும் திரவத்தை இழுத்துக்கொண்டு ஓடும், மூளை உடம்பே சுற்றுவதாக நினைத்துவிடும். பெரும்பாலும் பின்பக்கக் குழலில்தான் விழும். மாத்திரையோ ஊசியோ அந்தத் துகளை நகர்த்தாது, தலையைத் திருப்பித்தான் வெளியே கொண்டுவர வேண்டும்.

இது தெரியாமலில்லை, ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஊசி போட்டு, சிடி ஸ்கேன் எடுத்து, மாத்திரை கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். அப்படி அனுப்பிய ஒரு பாட்டி, ஊசியின் தூக்கக் கலக்கத்தோடு வீட்டுக்குப் போய், குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து அன்று மாலையே திரும்பி வந்தார். அதை நான் மறக்கவில்லை.

சரி, இந்த அம்மாவுக்கு வருவோம். உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, கட்டில் விளிம்புக்குக் கீழே தலை சற்றுத் தொங்கும்படி வேகமாகப் படுக்கவைத்தேன். டிக்ஸ், ஹால்பைக் என்ற இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் 1952இல் சொன்ன சோதனை இது. சில நொடி எதுவுமில்லை, அப்புறம் கண்கள் மேல்நோக்கி வெட்டி வெட்டிச் சுழல ஆரம்பித்தன. அம்மா அலறினார், மகன் என் கையைப் பிடித்து "விட்டுடுங்க சார், அதிகமாவுது" என்றார். பலரும் கைவிடுவது இந்த இடத்தில்தான். சுற்றினால்தான் சரியான காதைப் பிடித்திருக்கிறோம் என்று அர்த்தம், ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும் என்று படுக்கவைப்பதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும், நான் சொல்லவில்லை. இப்போது முதலில் அதைத்தான் சொல்கிறேன்.

கண் அடங்கியதும் தலையை இடப்பக்கம் 90 டிகிரி திருப்பி அரை நிமிடம் பிடித்தேன். பிறகு உடம்போடு இடப்பக்கம் புரட்டி, முகம் தரையைப் பார்க்க இன்னொரு அரை நிமிடம். மெல்ல எழுப்பி உட்காரவைத்தேன். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1992இல் வெளியிட்ட முறை இது, ஆரம்பத்தில் சக மருத்துவர்களே அவரை நம்பவில்லை. முதல் தடவைக்குப் பிறகும் லேசாகச் சுற்றியது, இரண்டாம் தடவை செய்ததும் கண் அசையவே இல்லை. அம்மா கண்ணைத் திறந்து மகனைப் பார்த்தார்.

எல்லாத் தலைச்சுற்றலுக்கும் இதைச் செய்துவிடாதீர்கள். அசையாமல் படுத்திருந்தும் மணிக்கணக்கில் சுற்றினால், பேச்சு குழறினால், இரட்டையாகத் தெரிந்தால், கை கால் மரத்தால், நிற்கவே முடியாவிட்டால் பக்கவாதமாக இருக்கலாம். சிறுமூளையில் வரும் பக்கவாதம் ஆரம்பத்தில் சிடி ஸ்கேனில் தெரியாமலும் போகும், ஸ்கேன் நார்மல் என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. கழுத்தெலும்புத் தொந்தரவு இருப்பவர்களுக்கும் முறையை மாற்றித்தான் செய்ய வேண்டும். வீடியோ பார்த்து வீட்டில் முதல் தடவை நீங்களே முயற்சி செய்யவும் வேண்டாம்.

துகள் விழுந்து வரும் இந்தத் தலைச்சுற்றல் திரும்ப வரக்கூடியது. அதனால் சீட்டில் 'வலது காது, பின்குழல்' என்று எழுதிக் கொடுத்தேன், அடுத்த முறை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காட்டச் சொல்லி.

எங்கள் பிரிவில் கட்டில்களின் தலைமாடு எல்லாம் சுவரை ஒட்டியே கிடந்தது, தலையைத் தொங்கவைக்க இடமே இல்லை. அன்று டூட்டி முடிவதற்குள் நர்ஸ் அக்காவும் நானும் ஒரு கட்டிலை இழுத்து நடுவில் போட்டுவிட்டோம்.